தலையை ஆட்டாமல் புள்ளியைப் பாருங்கள்

அடுத்தவர் கண்ணுக்குள் நாள் முழுக்க உற்றுப் பார்த்துவிட்டு, அதில் என்ன தெரிந்தது என்று அவரிடம் வாயைத் திறக்காமல் எழுந்து வருவதற்குச் சம்பளம் கொடுத்தால், அந்த வேலைக்கு என்ன பெயர் வைப்பீர்கள்? கம்பெனி 'களத் தரவு ஒருங்கிணைப்பாளர்' என்று வைத்திருந்தது. ஊர்க்காரர்கள் சுருக்கமாகக் கண்ணாடிக்காரம்மா என்றார்கள்.

மீட்டர் ரீடிங் எடுக்கிறவர்கள், கணக்கெடுப்புக்கு அனுப்பப்படும் டீச்சர்கள், இன்சூரன்ஸ் ஏஜெண்டுகள், 'இப்ப வேணாம், அப்புறம் வாங்க' என்பதை நாளைக்குப் பத்து வாசலில் கேட்கிற அத்தனை பேரும் என் உறவுக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது வேலையாகவே தோன்றாது.

விஷயம் இதுதான். முகத்தில் மாட்டிக்கொள்ளும் கண்ணாடியிலேயே சின்னத் திரை ஒன்று வரப்போகிறது. நீங்கள் எதைப் பார்க்கிறீர்களோ அது திறக்கும். கையால் தொட வேண்டியதில்லை. அதற்கு உங்கள் கண் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கண்ணாடிக்குத் தெரிய வேண்டும். ஃபிரேமுக்குள் குட்டிக் கேமராக்கள் உட்கார்ந்துகொண்டு கருவிழியைப் பார்க்கின்றன. திரையில் ஒன்பது புள்ளிகள் ஒவ்வொன்றாக வரும். முதலில் இரண்டு கண்ணாலும், பிறகு ஒவ்வொரு கண்ணாலும் தனியாக அவற்றைப் பார்க்க வேண்டும். அதன் பிறகு கண்ணாடியோடு கொஞ்ச நேரம் அவரவர் வேலையைச் செய்ய வேண்டும். இதுதான் ஒரு பதிவு. எல்லா ஊர்க் கண்ணும் வேண்டும் என்று வெளிநாட்டில் யாரோ முடிவு செய்ததில், நெல் வயலில் இருக்கும் கண்களும் பட்டியலில் சேர்ந்துவிட்டன. தஞ்சாவூரில் ஒரு கண்ணாடிக் கடையில் ஏழு வருஷம் பவர் பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார்கள்.

இரண்டு நிபந்தனைகள். சம்பா அறுவடை முடிவதற்குள் முப்பது முழுப் பதிவுகள் வேண்டும். இல்லையென்றால் தஞ்சாவூர் டீமை மூடிவிடுவார்கள். டீம் என்றால் நானும் வேன் ஓட்டும் முருகானந்தமும்தான். முருகானந்தம் ஒன்பது வருஷம் சிங்கப்பூரில் இருந்துவிட்டு, 'இனிமே போகலை' என்று மனைவியிடம் சத்தியம் செய்து கொடுத்து வந்தவர். வேலை போனால் அந்தச் சத்தியமும் போகும். இரண்டாவது நிபந்தனை, பதிவில் என்ன தெரிந்தாலும் அணிந்தவரிடம் சொல்லக் கூடாது. நாம் ஆஸ்பத்திரி இல்லை. கையெழுத்துப் போட்டபோது எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. கடையில் வாய் ஓயாமல் பேசியாகிவிட்டது, கொஞ்ச நாள் மூடிக்கொண்டிருக்கலாம் என்றுதான் தோன்றியது.

சரிங்க

முதல் பதிவு நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், வைத்திலிங்கம் என்ற விவசாயி வீட்டில். புள்ளிகளைப் பார்க்கும்போது கண் மட்டும்தான் நகர வேண்டும், தலை நகரவே கூடாது. "தலையை ஆட்டாம பாருங்க" என்றேன். "சரிங்க" என்றார், தலையை ஆட்டி. மறுபடி முதலிலிருந்து. "இப்ப ஆட்டினீங்களே, அது கூடாதுங்க." "ஓ, இதுவும் கூடாதுங்களா? சரிங்க." அந்த 'சரிங்க'வோடும் தலை இடமும் வலமும் போய் வந்தது.

பெங்களூரில் இருக்கும் மேனேஜருக்கு போன் செய்தேன். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் யாருக்கும் இந்தச் சிக்கல் வரவில்லை என்று சொன்னார். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் தாடையை வைக்கச் சொல்லி, முருகானந்தம் பின்னால் நின்று இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். நான் பேசினால்தானே வைத்திலிங்கம் 'சரிங்க' சொல்ல வேண்டும், அதனால் வாயைத் திறக்கவில்லை. ஒன்பது புள்ளியும் முடிந்தது. கழுத்தைத் தடவிக்கொண்டே வைத்திலிங்கம் சொன்னார்: "நீங்க பேசினா என் தலை தானா ஆடுது. அது என்ன என் கையிலயாங்க இருக்கு?"

மை

கேமராவுக்குக் கறுப்பாக எது தெரிந்தாலும் அது கருவிழி. கண்ணில் மை இழுத்திருந்தால் இமையோரத்தையே கருவிழி என்று நினைத்துக்கொண்டு, ஆள் தரையைப் பார்க்கிறார் என்று எழுதிவிடும். மகளிர் குழுத் தலைவி ஒருவர் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, மை தீட்டி வந்து உட்கார்ந்தார். மையைத் துடைத்துவிட்டு வரச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

போட்டோ மாதிரி எதுவும் இல்லை, முகம் வராது, புடவை வராது, கண் மட்டும்தான் வரும் என்று விளக்கினேன். அங்கேதான் தப்பு செய்தேன். அவர் எழுந்தே விட்டார்: "கண்ணு மட்டும்தான் வரும்னா, மை இல்லாம எப்படிங்க?"

விசா

எல்லோரும் ஒப்புதல் படிவத்தின் கடைசிப் பக்கத்தைத்தான் கேட்பார்கள். மயிலாடுதுறையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மட்டும் பதினோரு பக்கத்தையும் படித்தார். அந்தக் காலத்தில் ஊரில் நிலம் நீச்சு இருந்த குடும்பம். எல்லாவற்றையும் விற்றுவிட்டு டவுனுக்கு வந்தவர்கள். வீட்டில் அவரும் மனைவியும்தான். நானும் முருகானந்தமும் இரண்டு தடவை காப்பி குடித்து முடித்தோம். அவர் ஏழாம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, "இந்தப் பதிவெல்லாம் எங்கம்மா போய் இருக்கும்?" என்றார்.

அமெரிக்காவில், கலிபோர்னியாவில் என்றேன். அவர் மனைவி அடுப்படியிலிருந்து வெளியே வந்து நின்றார். அவர்கள் பையன் பதினோரு வருஷமாக அங்கேதான் இருக்கிறானாம். தலைமையாசிரியர் பேனாவை மூடி, பிறகு திறந்து, கையெழுத்துப் போட்டார். படிவத்தை நீட்டியபோது கேட்டார்: "என்னை ரெண்டு தடவை விசா இல்லைன்னு திருப்பி அனுப்பினாங்க. கண்ணுக்கு மட்டும் கேக்க மாட்டாங்களா?"

 

குடை

இந்தக் கண்ணாடிக்கு வெயில் ஆகாது. நேர் வெயில் பட்டால் கேமராவுக்குக் கண்ணே தெரியாது. நெல் வயலுக்கு என்று தேர்ந்தெடுத்து அனுப்பிய சாமான் வெயிலில் வேலை செய்யாது என்பதைப் பற்றி நான் எந்தக் கருத்தும் சொல்லவில்லை. எனக்குச் சம்பளம் அதற்கில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒருவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு வரப்பில் நடக்க, முருகானந்தம் பெரிய கறுப்புக் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார். நான் லேப்டாப்பை ஏந்திக்கொண்டு அவருக்குப் பின்னால். எங்களுக்குப் பின்னால் வேடிக்கை பார்க்க ஒரு பன்னிரண்டு பேர்.

ரோட்டில் மொபெட்டில் போனவர் நிறுத்தி, காலை ஊன்றி, ஊர்வலத்தை ஒரு நிமிஷம் நிதானமாகப் பார்த்தார். பிறகு கத்திக் கேட்டார்: "எந்தக் கட்சிங்க?"

பங்காளி வயல்

அணிந்தவர் எங்கே பார்க்கிறாரோ, லேப்டாப்பில் ஓடும் வீடியோவில் அங்கே ஒரு சிவப்புப் புள்ளி விழும். முதல் பதிவு கொடுத்த வைத்திலிங்கம், வெயில் தாழ்ந்த பிறகு கண்ணாடியோடு தன் வயலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். பூச்சி விழுந்திருக்கிறதா, பயிர் எப்படி நிற்கிறது என்று ஒரு விவசாயியின் கண் எப்படித் தேடுகிறது என்பதுதான் கம்பெனிக்கு வேண்டும். நான் வாசலில் லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு, கை கழுவப் போனேன். திரும்பி வந்தபோது அவர் மனைவி அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

சிவப்புப் புள்ளி வைத்திலிங்கத்தின் பயிரில் விழுந்ததைவிட, வரப்புக்கு அந்தப் பக்கம் அவர் தம்பியின் வயலில்தான் அதிகம் விழுந்தது. தம்பியின் பயிர், தம்பியின் மடை, தம்பி வாய்க்காலில் போட்டிருந்த மண், மறுபடி தம்பியின் மடை. மழைத் தண்ணீரை யார் பக்கம் வடிப்பது என்று அண்ணன் தம்பி பேசாமல் இருந்து நாலு வருஷம் ஆகிறதாம். வைத்திலிங்கத்தின் மனைவி வீடியோ முடியும்வரை பார்த்தார். அவர் முகத்தில் அத்தனை திருப்தி. பிறகு வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "இதைத்தானே நான் இவ்வளவு நாளா தொண்டை வறளச் சொன்னேன்? நான் சொன்னா ஏறலை, மிஷின் சொன்னாத்தான் ஏறும்."

இருபத்தொன்பது

அந்தம்மா அதைத் தன் ஓரகத்தியிடம் சொல்லியிருக்கிறார். ஓரகத்தி தன் வீட்டுக்காரரிடம், அதாவது அந்தத் தம்பியிடம், சொல்லாமல் இருப்பாரா? ஊர் முழுக்க, 'அண்ணன் கண்ணு தம்பி வயல்லதான் இருக்காம், மிஷின்லயே வந்துடுச்சாம்' என்று ஆகிவிட்டது. வைத்திலிங்கம் தஞ்சாவூருக்கே வந்து, பதிவை அழித்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். படிவத்தின்படி அழிக்கத்தான் வேண்டும். கோபப்படவில்லை, கும்பிட்டுவிட்டுப் போனார். அது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

எங்கள் முப்பது இருபத்தொன்பது ஆனது. தை பிறந்து, பாதி வயல்கள் அறுத்தாகிவிட்டன. கடைசி ஒன்று அறுவடை மிஷின் ஓட்டுகிறவராக இருக்கட்டும், அவர்கள் கண்தான் இன்னும் பட்டியலில் இல்லை என்றார் மேனேஜர். அதற்கு முன்னால் பத்து நிமிஷம் திட்டு. அதன் முடிவில் சொன்னது இது: "பார்க்கிறது நம்ம வேலை. காட்டுறதும் சொல்றதும் நம்ம வேலை இல்லை. இன்னொரு தடவை நடந்தா நீங்க வேற வேலை பார்த்துக்கலாம்."

ராசியான ஆள்

பாலு என்று ஒருவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் நகர்ந்து ஈர வயலிலும் இறங்கும் அறுவடை வண்டியை ஓட்டுவதில் திருத்துறைப்பூண்டிச் சுற்று வட்டாரத்தில் அவருக்குத்தான் பெயர். கதிர் சிந்தாது, வரப்பு உடையாது. அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த வயலில் இறங்கினாலும் கோயிலைச் சுற்றுவது போல வலமாகத்தான் சுற்றி அறுப்பார். மற்ற டிரைவர்கள் வயலுக்குத் தகுந்தபடி திருப்புவார்கள். பாலு திருப்ப மாட்டார். அதற்காகவே அவர் வண்டிக்கு நாள் சொல்லிக் காத்திருந்தார்கள். அன்றைக்கு அறுப்புக்கு விட்டிருந்த நிலத்துக்காரர் ராஜமாணிக்கம் என்னிடம் பெருமையாகச் சொன்னார்: "இவன் வலமாத்தான் சுத்துவான். இவன் வண்டி இறங்கினா அந்த வருஷம் நெல்லு கண்டுமுதல் குறையாதும்மா."

புள்ளி

அரை வயல் அறுத்ததும் பாலு இறங்கி வந்து பூவரச மரத்து நிழலில் உட்கார்ந்தார். அறுப்பு அவசரம் என்பதால் புள்ளிகளைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று, அதுவரை கண்ணாடியோடுதான் ஓட்டியிருந்தார்; வண்டிக்கு மேல் கூரை இருந்ததால் குடை வேண்டியிருக்கவில்லை. அந்த வீடியோவை ஓட்டிப் பார்த்தேன். வலது பக்கம் நிற்கும் பயிரைப் பார்க்க அவர் கண் மட்டும் நகர்ந்தது. இடது பக்கம் பார்க்க வேண்டியிருந்தால் முழுத் தலையும் திரும்பியது. கடையில் இருந்த ஏழு வருஷத்தில் அப்படித் தலை திருப்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். புள்ளிகளை ஓடவிட்டேன்.

இரண்டு கண்ணாலும் புள்ளிகளைப் பார்த்தார். ஒன்பதும் சரி. தலை ஒரு நூல்கூட ஆடவில்லை. மூன்று மாதத்தில் எனக்குக் கிடைத்த மிக நல்ல ஆள். வலது கண் தனியாக. ஓரத்துப் புள்ளி ஒன்றில் மட்டும் கொஞ்சம் தடுமாறி, பிடித்துவிட்டார். பிறகு இடது கண். நடுப்புள்ளி சரி. அடுத்த புள்ளி மேல் மூலையில் வந்து நின்றது. லேப்டாப்பில் பெரிதாகத் தெரிந்த அந்தக் கண், கரண்ட் போன வீட்டில் தீப்பெட்டியைத் துழாவும் கை மாதிரி, எல்லா இடத்திலும் தேடியது. புள்ளி நின்ற இடத்தைத் தாண்டியும் போயிற்று. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மரியாதையாகக் கேட்டார்: "புள்ளியை இன்னும் போடலீங்களா மேடம்?"

நிபந்தனை

முருகானந்தத்துக்கும் லேப்டாப்பைப் பார்க்கத் தெரியும். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இடது கண் பதிவு தவறினால் காரணம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லித் திரையில் கேட்கும்: கண்ணாடி நகர்ந்தது, ஆள் ஒத்துழைக்கவில்லை, மற்றவை. 'கண்ணாடி நகர்ந்தது' என்று அமுக்கினால் மேலே கேள்வி வராது. முப்பது முடிந்தது. முருகானந்தம் சிங்கப்பூர் போக வேண்டாம். பாலு மறுபடி வண்டியில் ஏறி மீதி வயலை அறுப்பார். எல்லோருக்கும் நல்லதுதான், பாலுவின் வலது கண்ணைத் தவிர.

ஏனென்றால் இது பவர் சம்பந்தப்பட்டதில்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, வலியே இல்லாமல், ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வரும் நோய். கண்டுபிடித்துச் சொல்ல டாக்டர் வேண்டும்; ஆனால் சந்தேகப்பட எனக்குத் தெரியும். போனது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றலாம், சீக்கிரம் போனால். வலது கண்ணும் அந்த ஒரு புள்ளியில் தடுமாறியதை நான் பார்த்துவிட்டேன்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. "இடது பக்கம் எத்தனை நாளா தெரியலை?" என்று கேட்டேன். பாலு முதலில், ராஜமாணிக்கம் தூரத்தில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டார், முழுத் தலையையும் திருப்பி. இரண்டு வருஷமாம். அவருக்குத் தெரியும். அதனால்தான் பயிர் எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்கும்படி சுற்றுகிறார். ஊர் அதை ராசி என்று சொன்னதும் பேசாமல் இருந்துவிட்டார். போன வாரம், பின்னாலேயே கதிர் பொறுக்கிக்கொண்டு வந்த ஒரு பெண்ணின் கூடை இடது பெல்ட்டில் சிக்கி நசுங்கியது. அந்தப் பெண் துள்ளி விலகிவிட்டாள். அவள் கவனிக்காமல் வந்துவிட்டாள் என்று எல்லோரும் அவளைத்தான் திட்டினார்களாம்.

"வலது கண்ணு நல்லாத்தானே இருக்கு? அறுப்பு முடியட்டும், மாசி பிறந்ததும் போய்க் காட்டுறேன்" என்றார்.

அப்போதுதான் நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பது முழுதாக நினைவில்லை. வலது கண்ணும் மாசிக்காகக் காத்திருக்காது என்று சொன்னேன். இதைச் சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், சொல்லிவிட்டேன், என் வேலை போகப்போகிறது, நீங்கள் ஆஸ்பத்திரிக்கும் வராவிட்டால் அது தண்டமாகப் போனதாக அர்த்தம் என்று சொன்னது நினைவிருக்கிறது. பாலு கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். திரும்பி முருகானந்தத்தைத் தேடினேன். அவர் வேனில் ஏறிக்கொண்டிருந்தார். "நான் எதையும் பார்க்கலை மேடம். வண்டியைத் தஞ்சாவூர்ப் பக்கம் திருப்பி நிறுத்துறேன், நீங்க பேசிட்டு வாங்க."

பாதி வயல்

ராஜமாணிக்கத்திடம் என்ன சொல்வது என்பதுதான் அடுத்த பிரச்சினை. கிழக்கே கருமேகம் கட்டியிருந்தது. தை மாதத்தில் அறுப்பு நேரத்து மழை என்றால் என்ன என்று டெல்டாவில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டியில் கோளாறு என்று சொல்லலாம் என்றார் முருகானந்தம். பாலு வேண்டாம் என்றார். அவரே போய், வரப்பில் நின்று, இடது கண் தெரியவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சொன்னார். இரண்டு வருஷம் மறைத்த விஷயத்தை இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டு வந்து வேனில் ஏறிக்கொண்டார்.

ராஜமாணிக்கம் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் மேகத்தைப் பார்த்தார், வயலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேன் ஜன்னல் வரை வந்து சொன்னார்: "கண்ணைப் பார்க்க நேரம் காலம் இல்லையாம்மா? பாதி சிரைச்ச தலை மாதிரி நிக்குது என் வயலு!"

வேறு வண்டி சாயங்காலமே வந்துவிட்டது. மழை நாகப்பட்டினம் பக்கம் போய்விட்டது. இதைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். அன்று வழி நெடுக நானும் அந்த மேகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

சொட்டு

கண் ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் ஆனது. என் சந்தேகம் சரிதான். சரியாக இருந்ததில் எனக்கு எந்தச் சந்தோஷமும் இல்லை. டாக்டரம்மா என்னைவிடச் சின்னப் பெண். படம் வரைந்து பாலுவுக்கு விளக்கினார். இடது கண்ணில் நடுவில் கொஞ்சம்தான் மிச்சம். வலது கண்ணில் ஆரம்பித்திருக்கிறது; தினமும் தவறாமல் சொட்டு மருந்து விட்டால் நிறுத்தி வைக்கலாம். மிஷின் ஓட்டக் கூடாது.

பாலு கடைசி வாக்கியத்தை மட்டும் காதில் வாங்கினார் என்று நினைக்கிறேன். இந்த அறுப்பு மட்டும், இன்னும் இருபது நாள்தான், என்று கேட்டார். அவர் கேட்ட விதம் எனக்குத் தாங்கவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். டாக்டரம்மா அவசரப்படாமல், சீட்டில் எழுதிக்கொண்டே சொன்னார்: "அறுப்பு வருஷா வருஷம் வருங்க. இது ஒரு தடவை போனா வராது."

மற்றவை

காரணம் கேட்ட இடத்தில் 'மற்றவை' என்பதை அமுக்கி, கண் நோய் என்று சந்தேகம், அணிந்தவரிடம் சொல்லிவிட்டேன், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன், என்று எழுதி அனுப்பினேன். மறைத்திருக்கலாம். நாள் முழுக்க உண்மையாக இருந்துவிட்டதால் அந்தப் பழக்கம் சாயங்காலம் வரை விடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேனேஜர் போனில் சத்தமே போடவில்லை. வரும் மாதத்திலிருந்து எனக்குப் பதில் வேறு ஒருவர் வருவார் என்றார். டீம் இருக்குமா என்று கேட்டேன். இருக்கும், முருகானந்தம் இருப்பார் என்றார். பாலுவின் பதிவை முப்பதாவதாக ஏற்றுக்கொண்டுவிட்டார்களாம்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று அதுவரை தெரியாது. அவர் போனை வைக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, குரலைக் கொஞ்சம் தாழ்த்திக் கேட்டார்: "ஒரு விஷயம் மேடம். மேலிடத்துல அந்தப் பதிவைப் பார்த்துட்டு ரொம்ப அபூர்வம்னு சொல்றாங்க. இதே மாதிரி கண்ணு அந்தப் பக்கம் இன்னும் கிடைக்குமா?"

கடை

இப்போது பழைய கண்ணாடிக் கடைக்கே திரும்பிவிட்டேன். முருகானந்தம் எப்போதாவது வந்து, புது மேடம் யாரோடும் பேசுவதே இல்லை, பதிவெல்லாம் மிகச் சுத்தமாக வருகிறது என்று சொல்லிவிட்டுப் போவார்.

பாலு மாதம் ஒரு முறை ஆஸ்பத்திரிக்கு வரும்போது கடைக்குள் எட்டிப் பார்ப்பார். வண்டியை முதலாளி வேறு டிரைவரிடம் கொடுத்துவிட்டார். இவர் டீசல் கொண்டுபோகிறார், கத்தி மாற்றுகிறார். வண்டி வயலில் இறங்கினால் முன்னால் நின்று, கதிர் பொறுக்க வருகிறவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிச் சத்தம் போடுகிறார். புது டிரைவர் வலம் இடம் பார்க்காமல் சுற்றுவதால் ராசி போய்விட்டது என்று ஊரில் இவரிடமே வந்து குறைப்படுகிறார்களாம்.

முதல் மூன்று மாதம் வந்தபோதெல்லாம் என்னைத் திட்டினார். உட்காரக்கூட மாட்டார். நின்றுகொண்டே, நீங்கள் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், டிரைவர் பாலு என்று கூப்பிட்ட ஊரில் இப்போது யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை என்பார்.   அது உண்மைதானே. போன மாதம் வந்தவர் முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து சொட்டு மருந்து பாட்டிலை எடுத்து, தலையை அண்ணாந்து, இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு விட்டுக்கொண்டு, கண்ணை மூடியபடியே சொன்னார்: "நீங்க சொல்லாம இருந்திருந்தா, அந்த அறுப்பு முழுக்க ஓட்டியிருப்பேன் மேடம். யாரையாவது ஏத்தியும் இருப்பேன்."

கண்ணைப் பார்த்தே மனிதனுக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடித்துவிடலாம் என்று அந்தக் கம்பெனி இன்னமும் நம்புகிறது. எனக்குத் தெரிந்தவரை, ஒரே ஒரு ஆளை வயலிலிருந்து ஆஸ்பத்திரி வரை கூட்டிப் போகக்கூட அந்தக் கண்ணாடி போதவில்லை, கொஞ்சம் கத்தவும் வேண்டியிருந்தது.